தில்லி காலனிகளில் உருவான புதிய நடுத்தர வர்க்கம்

புது தில்லி: தில்லி சட்டப்பேரவைக்கு 2025 பிப்ரவரி 5-ல் தேர்தல் நடைபெற்றது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்பு தாக்கலான மத்திய பட்ஜெட்டில், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என அறிவிக்கப்பட்டது. ஜனவரியிலேயே 8-வது ஊதியக் குழுவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. அரசு ஊழியர்கள் நிறைந்த தலைநகரில் இவை யாரைக் குறிவைத்தவை என்பதை விளக்கத் தேவையில்லை. மொத்தமுள்ள 70 இடங்களில் 48-ஐ வென்ற பாஜக, 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சியைப் பிடித்தது.

எனினும், வெற்றியின் காரணத்தை வரிச் சலுகையில் மட்டும் தேடுவது பொருந்தாது. ஜனசங்க காலம் முதல் தில்லியில் அக்கட்சியின் அடித்தளம், பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்களும் கடைவீதி வணிகர்களும்தான். மதன்லால் குரானா அந்த வரிசையில் வந்தவர். 1993-ல் 49 இடங்களைப் பெற்ற கட்சியை 1998-ல் வெங்காய விலை வீழ்த்தியது. குடிசைப் பகுதிகளும் அங்கீகாரமற்ற காலனிகளும் காங்கிரஸின் கோட்டையாக இருந்தன. பின்னர் ஆம் ஆத்மி கட்சியின் பக்கம் சாய்ந்தன.

மாற்றம் நிகழ்ந்தது இந்தக் காலனிகளில்தான். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களில் பலர், சிறுகச் சிறுக மாடி எழுப்பி, ஒரு தளத்தை வாடகைக்கு விட்டு, பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் நிலையை எட்டினர். இவர்களின் வருமானம் வரி வரம்பைத் தொடாமல் இருக்கலாம். ஆனால், தங்களை ஏழைகள் என்று சொல்லிக்கொள்ள இவர்கள் விரும்புவதில்லை. 2014 தேர்தல் அறிக்கையில் பாஜக 'புதிய நடுத்தர வர்க்கம்' என்று பெயர் சூட்டியது இத்தகையவர்களுக்கே. 1,700-க்கும் மேற்பட்ட காலனிகளில் சொத்துரிமை வழங்க 2019-ல் மத்திய அரசு முடிவு செய்ததும் இதே கணக்கில்தான். இலவச மின்சாரம் தந்த ஆம் ஆத்மி அரசோ, குடிநீர், சாலை, கழிவுநீர் பற்றிக் கேட்டபோது பெரும்பாலும் துணைநிலை ஆளுநரையே கைகாட்டியது.

இலவசங்களை 'ரேவடி' (எள் மிட்டாய்) கலாசாரம் என்று 2022-ல் பிரதமர் மோடி சாடினார். தில்லியிலோ இலவச மின்சாரம் தொடரும், பெண்களுக்கு மாதம் ரூ.2,500 என்று பாஜக வாக்களித்தது. முரண்பாடுதான், ஆனால், பட்ஜெட்டில் வரிச் சலுகை எதிர்பார்ப்பவரும் பயனாளிகள் பட்டியலில் பெயர் தேடுபவரும் ஒரே வீட்டில் இருப்பதை அக்கட்சி கண்டுகொண்டது. உதவித்தொகைத் திட்டத்துக்கு ரேகா குப்தா அரசு 2025 மார்ச்சில் ரூ.5,100 கோடி ஒதுக்கியது.

இந்த அலை எல்லா இடத்திலும் வீசவில்லை. தாழ்த்தப்பட்டோருக்கான 12 தனித் தொகுதிகளில் பாஜக வென்றவை 4 மட்டுமே. மீதி 8-ஐ ஆம் ஆத்மி தக்கவைத்துக் கொண்டது. மாநிலம் முழுவதும் இரு கட்சிகளுக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் சுமார் 2 சதவீதம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.