கூச்சத்தை விட்டு உடம்பைக் கவனிப்போம்

கவ்வாத்து வெட்டும்போது கத்தி கையில் பட்டால் உடனே டிஸ்பென்சரிக்குப் போகிறோம். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு கட்டி தென்பட்டால் வீட்டில்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறோம். வெட்கம் ஒரு காரணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற கவலை மற்றக் காரணம்.

விதைப் புற்றுநோயைப் பற்றி நமது இதழில் எழுதுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறோம். புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. இதுவோ 15 முதல் 40 வயது வரையான ஆண்களுக்கே அதிகம் வருகிறது. அரிதான நோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

மாதம் ஒரு முறை, சுடுதண்ணீரில் குளித்த பிறகு, ஒவ்வொரு விதையையும் விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒன்று சற்றுப் பெரிதாகவோ கீழிறங்கியோ இருப்பது வழமை. பின்புறம் மெதுவான கயிறு போலத் தட்டுப்படுவதும் இயல்பானதே. கடினமான சிறு கட்டி, புதிய வீக்கம், பாரம் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்; இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. பிறந்தபோது விதை கீழிறங்காமல் இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் கண்டிக்கோ, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். ஒரு விதையை அகற்றினாலும், மற்றது நலமாக இருந்தால், இல்லற வாழ்வுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெரும்பாலும் தடையில்லை. இது தொற்று நோயுமல்ல, கெட்ட நடத்தையால் வருவதுமல்ல.

தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு தொழிலாளி வந்தால், என்ன வருத்தம் என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். துண்டு வாங்கிக் கொடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் ஏற்பாடு செய்யுங்கள். துரை மறுத்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

தகப்பன்மாரே, வளர்ந்த மகனிடம் இதை நீங்களே சொல்லுங்கள். ஒரு நாள் பேரை அடுத்த மாதம் உழைத்துச் சரிக்கட்டலாம். வீட்டுக்கு உழைக்கும் பிள்ளையை இழந்தால் அதைச் சரிக்கட்ட வழியில்லை.