ராஜபாளையம் நாய்க்கு நல்ல சாப்பாடு: கம்மி விலையில் முடியுமா?

2005-ல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த இனம் ராஜபாளையம் நாய். ஆனா, சொந்த ஊரில் அதுக்குத் தீனி வாங்கினாலே பர்ஸ் காலி. ஏன்?

வரி எவ்வளவு?
மாட்டுத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பாக்கெட் நாய் உணவுக்கு 18%. 3,000 ரூபாய் மூட்டையில் சுமார் 458 ரூபாய் வரிதான்.

பால்சோறு போதுமா?
ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனா, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காது. வெறும் பால்சோற்றில் புரதமும் பத்தாது.

எதைப் பார்த்து வாங்கணும்?
கிலோ விலையை அல்ல, ஒருநாள் செலவை. 25 கிலோ நாய்க்குத் தினமும் சுமார் 1,300 கலோரி வேண்டும். 100 கிராமில் 350 கலோரி இருந்தால் 370 கிராம் போதும். கலோரி குறைந்த தீனி என்றால் அதிகம் போடணும், மலிவும் கரைந்துவிடும். ஈரப்பதம் நீக்கிய கணக்கில் புரதம் வளர்ந்த நாய்க்கு 18%, குட்டிக்கு 22.5% என்பது அமெரிக்கத் தர அளவு. அதற்குக் கீழே வேண்டாம்.

வீட்டிலேயே சமைக்கலாமா?
சோறு, முட்டை, கோழிக்கறி கலந்தால் செலவு குறையும். ஆனா, கால்சியம் பற்றாது. குட்டிகளுக்கு எலும்பு பலவீனமாகும். எவ்வளவு சேர்ப்பது என்று அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வெங்காயமும் வெந்த எலும்பும் கூடவே கூடாது.

நாட்டு நாயைக் காப்பாத்தணும்னு எல்லோரும் சொல்கிறோம். அதன் தீனிக்கு வரி குறைந்தால், வளர்ப்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி.