கல்லறைக்குக் காவல்... திண்ணைக்கு?

கவரைப்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் பொன்னேரிக்கு அடுத்த ஸ்டேஷன். வருடத்துக்கு இரண்டு முறையாவது போய்விடுவேன். நண்பருக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அவர் வீட்டுத் திண்ணைக்காகவும்தான்.

தாத்தா கட்டிய வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வாசலில் இரண்டு தேக்குத் தூண். மே மாத மத்தியானத்தில்கூட அந்தத் திண்ணையில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். நான் குடியிருக்கும் சென்னை ஃப்ளாட்டில் அதே நேரத்துக்குச் சுவரைத் தொட்டால் கை சுடும்.

போன தடவை போனபோது காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "வீட்டை இடிக்கப் போறேன் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நூறு வருஷ வீடு சார்! இதையெல்லாம் பாதுகாக்க வேண்டாமா?" என்று மேடைப் பேச்சாளர் மாதிரி ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்குச் சொன்னார். "போன மழைக்கு நாலு இடத்துல ஒழுகிச்சு. ஓட்டை மொத்தமாப் பிரிச்சு மாத்தணும். அந்த வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கறதில்லை. கிடைச்சவர் ஒண்ணேகால் லட்சம் கேட்கறார். எதிர்ல ஒரு காண்ட்ராக்டர் நிக்கறார். பத்து ரூம் கட்டிக் குடுங்க, சிப்காட்டுல வேலை செய்யற வடக்கத்திப் பசங்களைத் தங்க வெச்சுக்கறேன், மாசம் பொறந்தா வாடகைங்கறார். என் பென்ஷன்ல நான் எதைச் செய்யட்டும்? பத்திரிகையில எழுதறவர் நீங்க. சொல்லுங்க."

நான் காபியைக் குடித்தேன். வேறென்ன செய்வது? பதில் தெரியவில்லை. அந்த பதிலைத்தான் கொஞ்சம் தாமதமாக உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

'அரசாங்கம் சட்டம் போட வேண்டியதுதானே?' என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரு எட்டு பழவேற்காட்டுக்குப் போய்விட்டு வருவோம். பக்கம்தான். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. கோட்டை பிற்பாடு அழிந்தது. இன்று புதர்தான் மிச்சம். ஆனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கடல் கடந்து வந்து இங்கேயே மாண்டுபோனவர்களின் பெயர் பொறித்த கற்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். பாதுகாக்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் 2010-ல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? இப்படிப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர், அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாஜ்மகாலுக்கும் அதே 100 மீட்டர். பழவேற்காட்டுக் கல்லறைக்கும் அதே 100 மீட்டர். பல்லாவரத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இருக்கும் இடத்துக்கும் அதே 100 மீட்டர். பக்கத்தில் பத்துக்குப் பத்து மனை வைத்திருப்பவர், கல்யாணமான பிள்ளைக்கு ஒரு ரூம் போட நினைத்தால் அவ்வளவுதான். இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், ஆனால் அதற்கும் மனு, வரைபடம், அனுமதி.

இடத்துக்கு இடம் நிலைமை வேறு என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக உள்ளூர் விதிகள் எழுத வேண்டும் என்று அதே சட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை மாடி, எந்த மாதிரி முகப்பு என்று அந்தந்த ஊரைப் பார்த்து எழுதுவது. நல்ல யோசனை. நாட்டில் மத்தியப் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள் 3,600-க்கு மேல். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் விதி எழுதி முடித்தது மிகச் சிலவற்றுக்குத்தான். தடை மட்டும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் அமல்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 2013-ல் தலைமைத் தணிக்கையாளர் கணக்கெடுத்தபோது 92 சின்னங்களைக் காணவில்லை! பாதுகாக்கப்பட வேண்டியதே காணாமல் போய்விட்டது. காகிதத்தில் பாதுகாப்பு இருந்துகொண்டே இருந்தது.

இப்போது என் நண்பரின் வீட்டைப் பழவேற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைக்கு அருகில் வையுங்கள். என்ன ஆகும்? இடித்துவிட்டுப் பத்து ரூம் கட்ட முடியாது. ஓடு மாற்ற ஒன்றேகால் லட்சமும் வராது. வீடு ஒழுகும், சாயும், ஒருநாள் விழும். சட்டம் மீறப்பட்டதாக யாரும் வழக்குப் போட முடியாது. மழை மேல் வழக்குப் போட முடியுமா?

கற்பனை என்கிறீர்களா? சென்னை அண்ணா சாலைக்கு வாருங்கள். 1897-ல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்துக்கடைக்காரர் கட்டிய கார்டைல் பில்டிங். பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். சிவப்புச் செங்கல்லும் கூம்புகளுமாக, பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. உரிமையாளர் எல்.ஐ.சி. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி பத்மநாபன் கமிட்டி பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஒரு குழு அமைக்கவும் சொன்னது. அருமையான தீர்ப்பு. நான்கூடக் கைதட்டினேன். ஆனால் அதற்குப் பிறகும் அந்தக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பாழடைந்து, செடி முளைத்து நின்றது. இடிக்காதே என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. எடுத்துக் கட்டு என்று சொல்லிக் கட்ட வைக்க யார் இருக்கிறார்கள்? நாட்டின் மிகப் பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமே இதுதான் கதி என்றால், கவரைப்பேட்டை பென்ஷன்தாரர் எந்த மூலைக்கு?

மாநில அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. 2012-ல் பாரம்பரிய ஆணையம் அமைக்கச் சட்டம் நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2024-ல்! பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிகூட இவ்வளவு சரியாகக் கணக்கு வைத்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் தடையில் 'பொதுப்பணிகளுக்கு' விலக்கு வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியதால் நின்றது. அரசுக்குப் பாலம் கட்ட அவசரம் வந்தால் சட்டத்தை வளைக்கலாம். ராவுத்தருக்கோ நாயுடுவுக்கோ ஒரு ரூம் கட்ட அவசரம் வந்தால் மட்டும் நம் பாரம்பரியம் அழிந்துவிடும்!

நான் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதி இல்லாத ஊர் எப்படி ஆகும் என்பதற்கு ஜி.எஸ்.டி. சாலையின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாருங்கள். நான் கேட்பது வேறு. பழைய வீடு நிற்பதால் லாபம் யாருக்கு? தெருவுக்கு, ஊருக்கு, போட்டோ எடுக்க வரும் எனக்கு, உங்களுக்கு. செலவு யாருக்கு? வீட்டுக்காரருக்கு மட்டும். இது என்ன நியாயம்? கல்யாணச் சாப்பாடு ஊருக்கு, கடன் பெண்ணைப் பெற்றவனுக்கு என்பது மாதிரி இருக்கிறது.

மும்பைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தார்கள். 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி போட்டார்கள். தரம் பிரித்தார்கள். முக்கியமான கட்டடங்களின் சொந்தக்காரர் தன் மனையில் கட்ட முடியாமல் போகும் தளப்பரப்பை உரிமையாக மாற்றி, வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். அதாவது, 'இடிக்காதே' என்று சொல்லும்போதே கையில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அங்கேயும் தகராறு உண்டு, மோசடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியையாவது சரியாகக் கேட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. பிரெஞ்சுத் தெருக்களைத்தான் எல்லோரும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். தமிழர் பகுதியில் வைசியால் வீதி என்று ஒன்று. தாழ்வாரமும் திண்ணையுமாக வரிசையாக வீடுகள். ஐரோப்பிய உதவியுடன் நடந்த திட்டத்தில், முகப்பைச் சீர்செய்யும் செலவில் திட்டம் ஒரு பங்கு போட்டது, வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டார். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒற்றை வீட்டுக்கு இல்லை, தெருவுக்கு. அதே ஊரில் அரசாங்கத்தின் பொறுப்பிலேயே இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனில் அதே மாதிரி புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். விழுவதற்கு முன்னால் செலவழித்திருந்தால் அசலே இருந்திருக்கும்.

'வசதியானவன் வீட்டுக்கு என் வரிப் பணத்தில் ஓடு மாற்றுவதா?' என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. இன்னொருவர் இன்னும் கூர்மையாகக் கேட்பார்: 'அந்தத் திண்ணையில் எங்கள் தாத்தா உட்கார முடிந்ததா? தெருவுக்குள்ளேயே விடவில்லையே, அதை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்?' இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. எனவே நிபந்தனை போடுங்கள் என்கிறேன். அரசுப் பணம் வாங்கிய வீட்டின் திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வருடத்தில் சில நாட்களாவது உள்ளே விட வேண்டும். யாரை எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் அங்கேயே எழுதி வையுங்கள். இடித்துவிட்டால் அந்த சாட்சியும் போய்விடும்.

சிப்காட் பையன்கள் மேல் பழி போடவும் நான் தயாராக இல்லை. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இரும்பு உருக்குகிறவர்களுக்கு ஒழுங்கான ரூம் வேண்டும். தொழிற்பேட்டை போட்டவர்கள் அதற்குள்ளேயே விடுதியும் கட்டியிருந்தால் காண்ட்ராக்டர் ஏன் என் நண்பரின் முற்றத்தைக் கண் வைக்கப் போகிறார்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சாயத்து அளவிலேயே தொடங்கலாம். ஊரில் பழைய வீடு எத்தனை என்று ஒரு கணக்கு. காப்பாற்றுகிறவருக்கு வீட்டு வரியில் தள்ளுபடி. ஓடு மாற்றக் குறைந்த வட்டியில் கடன். ஓட்டு வேலை, சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் நாலு பேரைப் பிடித்து ஐ.டி.ஐ. பையன்களுக்குச் சொல்லித் தர வைக்கலாம். இதையெல்லாம் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லுங்கள், இடிக்கக் கூடாது என்று. அப்போது நானும் உங்களோடு நின்று சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நண்பர் போன் செய்தார். பழைய மரச்சாமான் வியாபாரி ஒருவர் வந்து தூண்களுக்கு விலை பேசிவிட்டாராம். ஈ.சி.ஆரில் ஏதோ ரிசார்ட்டுக்காம். அங்கே அவற்றை நட்டு, 'பாரம்பரியச் சாப்பாடு' என்று போர்டு மாட்டுவார்கள்.

"வாசக்கதவு மட்டும் குடுக்கலை சார். உங்களுக்குப் பிடிக்குமேன்னு வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

டேப் எடுத்து என் ஃப்ளாட்டின் வாசலை அளந்து பார்த்தேன். அந்தக் கதவு நுழையாது.