ஆட்டுக்கொல்லி நோயும் அவசர விற்பனையும்

நான் மனுஷங்களைப் பார்க்கிற டாக்டர்தான். ஆனாலும் திருவாலங்காடு பக்கம் ஆடு வளர்க்கிறவங்க இதைப் படிங்க.

ஆட்டுக்கொல்லி நோய் வைரஸ், தட்டம்மை வைரஸுக்குப் பங்காளி. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல்னு வந்து மந்தையையே காலி பண்ணும். மனுஷங்களுக்குத் தொத்தாது.

1942-ல் ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட்ல முதலில் பதிவான நோய். இந்தியாவில் முதலில் கண்டுபிடிச்சது எங்கே தெரியுமா? 1987-ல், நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்ல! அந்த வைரஸை வச்சே 'அரசூர் 87' தடுப்பூசியும் வந்தது.

ஒரு ஊசி போட்டா சுமார் மூணு வருஷம் தாங்கும். இன்னொரு பங்காளியான மாட்டு வெக்கை நோயை 2011-ல் உலகத்தை விட்டே ஒழிச்சாச்சு. இதை ஒழிக்க 2030 இலக்கு.

அப்புறம் என்ன தடை? ரெண்டு ஆடு மூக்கொழுகி நின்னா, விடியறதுக்குள்ள மந்தையைச் சந்தைக்கு ஓட்டிடறோம். நோயும் கூடவே போகுது. வளர்க்கிறவரை மட்டும் திட்டிப் பயனில்ல. சொன்னா நஷ்டம், மறைச்சா காசுன்னா யார் சொல்லுவா? செத்த ஆட்டுக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைச்சா, தகவல் தானா வரும். அரசு முதலில் செய்ய வேண்டியது அதுதான்னு நினைக்கிறேன்.

அதுவரைக்கும், புதுசா வாங்கின ஆட்டை ரெண்டு மூணு வாரம் தனியா கட்டுங்க. சந்தேகம்னா விக்காதீங்க, 1962-க்கு போன் போடுங்க.