கருப்பைக்கு முன்னும் பின்னும்

பள்ளிப் பாடப்புத்தகத்தின் அந்தப் படம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நடுவில் தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய்போலக் கருப்பை. இரண்டு பக்கமும் கை விரித்ததுபோலக் கருக்குழாய்கள், நுனியில் சூலகங்கள். அதை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்தப் படத்தில் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. மலக்குடலும் கிடையாது. கருப்பைக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அழித்துவிட்டுத்தான் அந்தப் படத்தை வரைகிறார்கள். சிறுநீர்ப்பை வேறொரு பாடத்தில் வரும். இரண்டு சிறுநீரகங்கள், இரண்டு நாளங்கள், ஒரு பை, பைக்குக் கீழே ஒரு துண்டுக் குழாய். அது ஆண் உடலா பெண் உடலா என்று யாரும் சொல்வதில்லை. மலக்குடல் இன்னொரு பாடத்தில், பெருங்குடலின் வால்போல.

விளைவு என்ன என்று தெரிய வேண்டுமானால் பட்டம் வாங்கிய பெண்கள் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்: சிறுநீர் வரும் வழியும் மாதவிலக்கு வரும் வழியும் ஒன்றா, இரண்டா? ஒரு நொடி தயங்குவார்கள். சிலர் தப்பாகச் சொல்வார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரே இடத்தில் வைத்து யாரும் காட்டாததை அவர்கள் எங்கே பார்ப்பது?

என் சண்டை அந்தப் படத்தோடு மட்டும் இல்லை. குடும்பமும் அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் பெண்ணின் இடுப்பை அந்தப் படம் பார்க்கிற மாதிரியேதான் பார்க்கின்றன. பிள்ளை தங்கும் பைக்குத்தான் அங்கே மரியாதை. அக்கம்பக்கத்தில் இருப்பவை நாறினாலும் கசிந்தாலும் அது அவள் பாடு.

உண்மையில் உள்ளே இருப்பது இதுதான். இடுப்பெலும்பை அடியில்லாத ஓர் அண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடி போட்டிருப்பது தசை. அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிற எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், பழைய சேலையில் தூளி கட்டியதுபோல ஒரு தசை விரிப்பு. தூளியின் மேலே முன்பக்கம் சிறுநீர்ப்பை, நடுவில் யோனியும் அதன் தலையில் கருப்பையும், பின்பக்கம் மலக்குடல். மூன்றின் வாசலும் அந்த ஒரே தூளியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே இருக்கும் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்னால் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்தே இருக்கிறது. கர்ப்பிணிக்கு அடிக்கடி சிறுநீர் முட்டுவதற்கு இது ஒரு காரணம்.

சிறுநீர்ப்பை 400, 500 மில்லி வரை தாங்கும். பாதி நிரம்புவதற்குள்ளேயே முதல் சேதி சொல்லிவிடும். அங்கிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே மலவாய். குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி சிறுநீர்ப்பைக்கு ஏறிவர அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. நமக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதன் காரணம் இந்த அளவுக் கணக்குதான். "சூட்டு உடம்பு" என்றும் "சுத்தமா இருக்கணும்" என்றும் நமக்குச் சொல்லப்பட்டதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மலக்குடலுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. தூளித் தசையின் ஒரு பட்டை அதன் பின்பக்கமாகச் சுற்றிவந்து முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த வளைவு இருப்பதால்தான் மலம் நிற்கிறது. குத்தவைத்து உட்காரும்போது பட்டை தளர்ந்து வளைவு நிமிர்கிறது.

தூளி தொய்ந்தால் மூன்றும் தொய்யும். முன்சுவர் தொய்ந்தால் சிறுநீர்ப்பை யோனிக்குள் பிதுங்கும், பின்சுவர் தொய்ந்தால் மலக்குடல் பிதுங்கும், மேலே பிடிமானம் விட்டால் கருப்பையே இறங்கும். நம் ஊரில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், அடி இறக்கம். முதலில் இறங்கியது சிறுநீர்ப்பையாகவே இருந்தாலும் பழி கருப்பையின் மேல்தான் விழும்.

என் பெரியம்மா கல்யாணங்களுக்கு வரமாட்டார். பஸ் பயணம் என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் உட்காராமல் அடுப்படிக்குப் போய்விடுவார். கர்வி என்றுதான் எங்கள் சொந்தத்தில் அவருக்குப் பெயர். ஐந்து பிரசவம், அதில் ஒன்று இரண்டு நாள் இழுத்தது. கடைசிப் பிள்ளை பிறந்த பத்தாம் நாள் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்: "அடி இறங்கிருச்சுடி. தும்முனா மூத்திரம் வந்துருது. துணி வச்சுக்கிட்டு எத்தனை பேரு வீட்டுல போயி உக்காருறது?" இருபது வருஷத்துக்கு மேலான கதை அது. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு மேல அது எதுக்கு, எடுத்துடலாம்" என்றார்கள். எடுத்தார்கள். கருப்பை போனது, கசிவு நின்றபாடில்லை. அவர் சொன்ன நோய் சிறுநீர்ப்பையில். அவர்கள் காதில் விழுந்தது கருப்பை.

எடுக்கவேண்டிய நேரங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொய்ந்த தூளியை இழுத்துக் கட்டாமல் கருப்பையை மட்டும் எடுத்தால், யோனியின் மேல்முனை பின்னாளில் அதே வழியில் இறங்கக்கூடும். இதை எத்தனை பெண்களுக்குச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் சிறுவயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் செய்தியானது. மாதவிலக்கு வந்தால் வேலை கெடும், ஒருநாள் வேலை கெட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. பிள்ளை வேண்டும் என்கிறவரைக்கும் கருப்பை தெய்வம். வேலைக்கு இடைஞ்சல் என்றால் அறுத்துப் போடலாம். இரண்டிலும் பார்க்கப்படுவது அது ஒன்றுதான்.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். மகப்பேறு வார்டுகளில் யோனியை விரித்துப் பார்க்கும் வாத்து அலகு போன்ற கருவிக்கு சிம்ஸ் ஸ்பெகுலம் என்று பெயர். ஜே. மரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமாவில் இருந்த மருத்துவர். பிரசவம் நாள்கணக்கில் இழுக்கும்போது பிள்ளையின் தலை சிறுநீர்ப்பையை எலும்போடு வைத்து நசுக்குகிறது. ரத்த ஓட்டம் நின்று அந்தச் சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. பிறகு இரவும் பகலும் சிறுநீர் ஒழுகும், சிலருக்குப் பின்சுவரும் போய் மலமும் வரும். சிம்ஸ் 1845 முதல் 1849 வரை இந்த ஓட்டையைத் தைக்கக் கற்றுக்கொண்டது அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களின் உடலில், மயக்க மருந்து கொடுக்காமல். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்காவை மட்டும் முப்பது தடவை அறுத்தார். அந்தப் பெண்களுக்கும் அந்தச் சிகிச்சை வேண்டித்தான் இருந்தது. ஆனால் அவர்களின் ஒழுகல் முதலாளியின் நஷ்டமாக இருந்ததால்தான் அங்கே வைத்தியம் தொடங்கியது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல் அகற்றினார்கள். கருவியின் பெயர் அப்படியே இருக்கிறது.

பெயர் என்றதும் இன்னொன்று. மேலே சொன்ன தசைகளுக்குச் சேதி கொண்டுபோகும் முக்கியமான நரம்புக்கு மருத்துவம் வைத்த பெயர் புடென்டல். வெட்கப்படுதல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அதைத் தமிழில் வேறு விதமாகச் செய்திருக்கிறோம், பெயரே வைக்காமல். "கீழே", "அங்க", "அந்த இடம்". முலை என்ற சொல்லுக்காக நம் கவிஞர்கள் வசவு வாங்கினார்கள். குட்டி ரேவதியின் தொகுப்பு வந்த 2002ஆம் ஆண்டின் கூச்சலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். யோனியும் நம் எழுத்துக்குள் வந்துவிட்டது. மூத்திரப்பையும் மலக்குடலும் இன்னும் வரவில்லை. அவற்றில் அழகும் இல்லை, கலகத்தின் பெருமையும் இல்லை. நாமும்தான் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

வெட்கத்தை வைத்தே வேலை வாங்கவும் முடிகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண் செய்யும் முதல் தந்திரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து மாணவி செய்வதும் அதுதான். நீர் குறைந்து, இருப்பதும் தேங்கினால், அந்த 4 சென்டிமீட்டர் ஏறிவந்த கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்கிறது. இருட்டும்வரை மலத்தை அடக்கினால் குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சி இறுக்கிவிடுகிறது. இறுகியதை முக்கி வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் தூளியின் மேல் பாரம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி பெண்கூட்டு தொடங்கிய போராட்டத்தின் முதல் கோரிக்கை கழிப்பறைதான். உட்காரும் உரிமை கேரளத்தில் 2018இல் சட்டமாயிற்று, தமிழ்நாட்டில் 2021இல். உட்கார ஸ்டூல் கேட்கச் சட்டம் வந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்வர இன்னும் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அரசு கர்ப்பத்தைக் கண்காணிக்காமல் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குப் பதிவு, பரிசோதனை, பிள்ளையின் தடுப்பூசி என்று ஒவ்வொரு படிக்கும் கணக்கு இருக்கிறது. நல்லதுதான். தாய்க்குச் சிறுநீர் கசிகிறதா, காற்றை அடக்க முடிகிறதா, தையல் மலவாய்த் தசை வரை போனதா என்று கேட்பதற்கும் ஒரு படி வேண்டும். பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிறகான இடுப்புத்தளப் பயிற்சிக்கு அரசுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. மூத்திரத்தையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்து, சில நொடி பிடித்து விடுகிற பயிற்சி அது. ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியது. இதற்கு இயந்திரம் தேவையில்லை, ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஆள் எங்கே? இறங்கியதைத் தாங்கிப்பிடிக்க உள்ளே வைக்கும் ரிங் பெஸரி என்று ஒன்று உண்டு. அறுவைக்கு முன் அதைப் பற்றிப் பெரியம்மாவிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்துக்கும் ஒரு கோரிக்கை: பக்கவாட்டிலிருந்து பார்த்த ஒரு படம், மூன்று உறுப்பும் தெரிகிற மாதிரி.

போன மாதம் தங்கை மகள் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் பால் ஊறுதா என்று கேட்டார்கள், பிள்ளை யார் சாயல் என்று பார்த்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் கேட்டேன், "இருமுனா தும்முனா மூத்திரம் வருதாடி?" அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ஆமா பெரியம்மா, அப்படித்தான் இருக்குமாமே?" என்றாள்.