இன்டர்வியூ பயிற்சிக்கு ஒரு மைக் போதும்

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவுடன், வேலை தேடும் பிள்ளைகள் முதலில் செய்வது பயோடேட்டா தயாரிப்பதுதான். எழுத்துருவை மாற்றி, போட்டோவை ஒட்டி, பிடிஎப் பைலாக்கிப் பல நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அழைப்பும் வருகிறது. ஆனால் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக் கொள்கிறது. எங்கள் சீவலப்பேரி போன்ற ஊர்களில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இது சிறிய இழப்பு அல்ல. கடன் வாங்கிப் படித்த படிப்பின் பலன் அந்த இரண்டு நிமிடங்களில் கைநழுவிப் போகிறது.

இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் எங்கள் ஊர் இளைஞர்களிடம் நான் பார்ப்பது வேறு. அதே கேள்விக்குத் தமிழில் பதில் கேட்டாலும் திணறுகிறார்கள். எதில் தொடங்கி, எதைச் சொல்லி, எங்கே முடிப்பது என்ற வரிசை மனதில் இல்லை. ஐ.ஏ.எஸ். பதவிக்கான சிவில் சர்வீசஸ் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்களில் 275 நேர்முகத் தேர்வுக்கு உரியவை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் அதையும் தமிழிலேயே சந்திக்கலாம். ஆனால் வரிசை இல்லாதவருக்கு எந்த மொழியும் கைகொடுக்காது.

வரிசையாகப் பேசும் கலை நமக்குப் புதிதல்ல. நெல்லைப் பகுதிக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், அதன் பின் கதை, முடிவில் வாழி. புலவர் இந்த வரிசையை விடுவதில்லை. ஆனால் கூட்டத்தின் முகம் பார்த்துக் கதையை நீட்டுவார், சுருக்குவார். இன்டர்வியூ பதிலும் இப்படித்தான் அமைய வேண்டும். வரிசை நிலையாக இருக்கட்டும். சொற்கள் அந்த நேரத்தில் வரட்டும். வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தாலும் நின்றுவிடுவார்.

இதற்குப் பழக உங்கள் கம்ப்யூட்டரே போதும். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஒரு ஹெட்செட் வாங்கி இணைத்திடுங்கள். விண்டோஸ் 11 எனில் ஸ்டார்ட் மெனுவில் சவுண்ட் ரெக்கார்டர் புரோகிராமைத் தேடித் திறந்து, சிவப்பு பட்டனில் கிளிக் செய்திடவும். உங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி கால சவுண்ட் ரெக்கார்டர் 60 விநாடிகளில் தானாக நின்றுவிடும். அதை அன்று குறையாகச் சொன்னவர்கள் உண்டு. பயிற்சிக்கு அதுவே சரியான அளவு.

பதிவைக் கேட்டவுடன் "இது என் குரலா?" என்று தோன்றும். பயப்பட வேண்டாம். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் காதை அடைகிறது. பதிவில் காற்றின் வழி வருவது மட்டுமே உள்ளது. மற்றவர்கள் ஏறத்தாழ அப்படித்தான் நம்மைக் கேட்கிறார்கள்.

இரண்டாம் முறை கேட்கும்போது, "வந்து", "அதாவது" என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மறுநாள் பேசும்போது அந்த இடங்களில் சற்று மௌனமாக இருந்து பாருங்கள். நெல்லை உச்சரிப்பை மாற்றத் தேவையில்லை. கேட்பவருக்குப் புரிந்தால் போதும். தமிழில் வரிசை பிடிபட்ட பின்னர் அதே பதிலை ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள்.

இப்போது ஏஐ சாட்பாட்களிடம் பதிலை எழுதி வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றைக் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துவதே நல்லது. பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

வில்லுப்பாட்டில் "ஆமா" போடவும் குறுக்கே கேள்வி கேட்கவும் புலவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் தேவை. எனவே அவர் கம்ப்யூட்டர் முன் தனியே பேசிக் கொண்டிருந்தால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.