பி4-க்கு நூறு வயது

‘எதிராளி என்ன ஆடினாலும் குதிரை எஃப்3, ஜி3, மந்திரி ஜி2, கோட்டை கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’ நம் புதுச்சேரிப் பயிற்சி வகுப்புகளில் பழகிப்போன பாடம் இது. மனப்பாடச் சுமை குறைவு. கடலூர், விழுப்புரம் போட்டிகளில் ஓரிரு புள்ளியும் தேறும். அந்தப் ‘பிறகு’ வரும்போதுதான் பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது.

2024 டிசம்பர் 8, சிங்கப்பூர். உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் வெள்ளைக்காய் குகேஷுக்கு. 1. குதிரை எஃப்3 டி5 2. சி4 டி4 3. பி4! டிங் லிரன் சி5 ஆட, 4. இ3. இதற்குப் பதில் சொல்லவே டிங் அரை மணி நேரத்துக்கு மேல் யோசித்தார். பலகையைத் திருப்பி வைத்துப் பாருங்கள்: கறுப்பு ஆடும் புளுமென்ஃபெல்ட் கேம்பிட், இங்கே வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. நடுப்பலகையை விட்டுக்கொடுத்ததே அதைப் பக்கத்திலிருந்து அரிக்கத்தான். அந்த பி சிப்பாய் பி6 வரை ஓடிப் பலியானது. பாதி திறந்த பி கோட்டில் வெள்ளையின் இரண்டு யானைகளும் வந்து நின்றன. 28-ஆவது நகர்த்தலில் டிங் ராணியை சி8-க்குக் கொண்டுபோக, குகேஷின் ராணி சி6 குதிரையை வெட்டியது. பி7 சிப்பாயால் திருப்பி வெட்டினால் யானைகள் உள்ளே இறங்கிவிடும். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1924 நியூயார்க் போட்டியில், எட்டு ஆண்டுகளாகத் தோற்காத கபபிளாங்காவை ரெட்டி சாய்த்த ஆட்டத்திலும் மூன்றாவது நகர்த்தல் பி4 தான்.

எஃப்3 குதிரை திட்டமில்லாத ஆட்டம் அல்ல. திட்டத்தை எதிராளி வாய்திறக்கும் வரை சொல்லாமல் வைத்திருப்பது. அதற்கு விலையும் உண்டு. கிங்ஸ் இந்தியனுக்கு எதிராக சாமிஷ் ஆட முடியாது, எஃப்3 கட்டத்தைக் குதிரை பிடித்துக்கொண்டது. முதல் நகர்த்தலிலேயே கறுப்பு சி5 ஆடினால், இ4 ஆடி சிசிலியனுக்குள் போவதா, சி4 ஆடி இங்கிலீஷில் நிற்பதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். கறுப்பு டி5, இ6 என்று கட்டினால் கட்டலான் கைகொடுக்கும். 1929-இல் பார்சிலோனாவில் அதை ஆடிப் பெயர்கொடுத்தவர் தர்தாகோவர். பின்னாளில் பிரெஞ்சுக் குடிமகன். அந்த வகையில் நம் ஊருக்குத் தூரத்து உறவு!

ஆகவே நகர்த்தல் வரிசைகளை விட்டுவிட்டு, தலைகீழ் பெனோனி, கட்டலான், சமச்சீர் இங்கிலீஷ், கிங்ஸ் இந்தியன் அட்டாக் ஆகியவற்றின் சிப்பாய் அமைப்புகளைக் கற்பிப்பதே சரி என்பது எங்கள் கருத்து. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதுவும் வேண்டாம். அவர்கள் இ4 ஆடி அடிவாங்கிக் கற்கட்டும்.

சிங்கப்பூரின் கடைசி ஆட்டத்தில் டிங்கும் குதிரையை எஃப்3-இல் வைத்தே தொடங்கினார். தோற்றது தொடக்கத்தால் அல்ல, 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்ததால்.

இந்தத் தொடக்கத்தில் உங்கள் மாணவர்கள் தோற்ற ஆட்டங்களை எங்களுக்கு அனுப்புங்கள். எந்த நகர்த்தலில் திட்டம் தொலைந்தது என்பதை அவர்கள் கைப்படவே எழுதச் சொல்லுங்கள்.